தலைவர் பஸ்ஸில் வந்த நாள்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை, எங்கள் தலைவர் பஸ்ஸில் வந்து இறங்கினார்!

ஆமாம், பஸ்ஸில்தான். அதுவும் நின்றுகொண்டே வந்து. ஊரில் எல்லோரும்தான் பஸ்ஸில் வருகிறார்கள், இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். எங்கள் தலைவரை உங்களுக்குத் தெரியாது. அதனால் கேட்கிறீர்கள்.

குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் குமாஸ்தா என்பது இந்தப் பகுதியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அங்கே யூனியனில் இணைச் செயலாளர் என்பது பலருக்குத் தெரியாது. கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் போட்டார்கள், அவ்வளவுதான். தலைவர் எங்கள் தொழிற்சாலைக்காரர் அல்ல. வக்கீல். எங்களையும் சேர்த்து ஏழெட்டு யூனியன்களுக்கு அவர்தான் தலைவர். கிழக்குத் தாம்பரத்தில் மாடி வீடு, போன், ஃபிரிட்ஜ், கறுப்பு அம்பாசிடர் கார், அதற்கு ஒரு டிரைவர்.

கார் வைத்துக்கொள்வது குற்றமா? இல்லவே இல்லை. ஏழெட்டு யூனியன்களைச் சைக்கிளில் சுற்ற முடியுமா? ஆனால் தலைவருக்கே அது குற்றம் என்று தோன்றியிருக்க வேண்டும். தொழிற்சாலை வாசலில் கேட் மீட்டிங் என்றால் கார் லெவல் கிராசிங்குக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். தலைவர் இறங்கி, தண்டவாளம் தாண்டி, தோளில் துண்டோடு வேகவேகமாக நடந்து வருவார். "தொழிலாளியோடு தொழிலாளியாக நடந்தே வந்திருக்கிறேன்!" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். நாங்கள் கை தட்டுவோம்.

கார் எங்கே நிற்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் அதைப் பற்றி யாரும் வாயைத் திறந்ததில்லை... ஒரு மரியாதைதான்!

ஆனால் அன்றைக்கு நிஜமாகவே பஸ். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எவனோ காலை மிதித்துவிட்டான் போல, லேசாக நொண்டினார். கூட்டம் பார்த்தது. விசில் பறந்தது. "பஸ்ஸில் வந்த பாட்டாளித் தலைவர் வாழ்க!" என்று பெயின்ட் ஷாப் ஆள் ஒருவர் புதுக் கோஷமே கட்டிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்சம் சட்டென்று கலங்குகிற கண் எனக்கு.

அதற்கு முந்தின வாரம் எங்களில் நாலு பேரை நிர்வாகம் விசாரணை இல்லாமல் சஸ்பெண்ட் செய்திருந்தது. அதற்குத்தான் கூட்டம். தலைவர் மைக்கைப் பிடித்தார். "விளக்கம் கேட்காமல் ஒரு மனிதனை வீட்டுக்கு அனுப்ப எவனுக்கு அதிகாரம்?" என்று முழங்கினார். எங்களுக்கெல்லாம் ரத்தம் கொதித்தது.

மறுநாள் காலை நான் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது வாசலில் குரல் கேட்டது. தலைவரின் டிரைவர் ஆரோக்கியம். அனகாபுத்தூர்க்காரர்.

"சார், என்னை யூனியன்ல சேத்துக்கங்க சார்."

பாதி முகத்தில் சோப்போடு விழித்தேன்.

"உனக்கெதுக்குப்பா யூனியன்? நீதான் தலைவர் பக்கத்துலயே இருக்கியே!"

"இருந்தேன் சார். நேத்து காலைல சாவியப் புடுங்கிகினு, இனிமே வராதேன்னுட்டாரு."

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியத்தின் மகளுக்கு மாதா கோயிலில் புதுநன்மை. வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தியோடு பிள்ளைகள் முதல் தடவையாக நற்கருணை வாங்கும் நாள். ஒரு பிள்ளைக்கு ஆயுசில் ஒரே ஒரு முறைதான் அது வரும். ஒரு மாதம் முன்பே லீவு கேட்டிருக்கிறார். தலைவரும் "உம்" கொட்டியிருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம்தான் தலைவர் வீட்டம்மாவுக்கு ஞாபகம் வந்தது — மறுநாள் படப்பையில் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம்! "காலைல வந்துடு" என்றார்கள். ஆரோக்கியம் போகவில்லை, மகளோடு கோயிலுக்குப் போய்விட்டார். தலைவர் குடும்பம் பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாகப் படப்பை பஸ்ஸில் இடிபட்டுப் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை காலை ஆரோக்கியத்துக்கு வேலை போய்விட்டது.

ஆக, டிரைவரை விரட்டிவிட்டுக் கார் ஓட்ட ஆளில்லாமல் பஸ்ஸில் வந்தவருக்குத்தான் நாங்கள் விசில் அடித்திருக்கிறோம்! நான் வேறு கண் கலங்கித் தொலைத்திருக்கிறேன்.

"ஏழு வருசம் சார். ஒரு நாயித்துக்கெழமை லீவு கெடையாது. ஒரு நோட்டீசு உண்டா? ஒரு சார்ஜ் ஷீட்டு? ஒரு என்கொயரி? இன்னா சார் நியாயம் இது?"

"இதெல்லாம் உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"இன்னா சார் இப்டி கேக்குறீங்க? ஏழு வருசமா கார்ல குந்திகினு தலைவர் பேச்சத்தானே கேட்டுகினு கீறேன். மைக்கு சத்தம் ரயில் ரோட்டுக்கு அந்தாண்ட வரைக்கும் வருதே. எல்லாம் மனப்பாடம்."

தலைவரின் பேச்சை ஒழுங்காகக் கேட்ட ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்! எங்களில் பாதிப் பேர் பத்தாவது நிமிஷம் டீக்கடைக்கு நழுவிவிடுவோம்.

"பார்க்கலாம்ப்பா... யோசிச்சுச் செய்வோம்" என்று மழுப்பினேன். என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். மழுப்பினால் அவளுக்குப் பிடிக்காது.

"என்னத்தைப் பார்க்கப் போறீங்க? முதல்ல முகத்தைக் கழுவிட்டு உட்கார்ந்து எழுதுங்க."

எழுதினேன். தலைவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே முறையில்தான் — பெறுநர், பொருள், கோரிக்கைகள். ஒன்று, மீண்டும் வேலை. இரண்டு, வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை. 'நகல்: தொழிலாளர் அதிகாரி' என்றும் கடைசியில் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டேன். நம் தைரியம் அந்த மட்டில்தான்.

எங்கள் செயலாளர் மாணிக்கம் லேத் மெஷினில் வேலை செய்கிறவர். மனுவைப் படித்துவிட்டு, "வாங்க சார், போவோம்" என்றார். புதன்கிழமை மாலை தலைவர் வீட்டுக்குப் போனோம். ஹாலில் உட்காரவைத்து ஃபேன் போட்டு, வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தார்கள். ஆரோக்கியம் காம்பவுண்டுக்கு வெளியே நின்றார்.

தலைவர் மனுவைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"என்னப்பா மாணிக்கம் இது? அவன் தொழிலாளியே இல்லையே! எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி. குடும்பத்துல ஒருத்தன். குடும்பத்துக்குள்ள நோட்டீசாவது, மண்ணாவது!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன பேச்சுவார்த்தையில் எங்கள் மேனேஜர் இதையேதான் சொன்னார். 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்றார். அப்போது மேஜையில் ஓங்கி ஒரு குத்துவிட்டவர் இதே தலைவர்தான்! மேனேஜரின் வேட்டி... மன்னிக்கவும், பேன்ட் எல்லாம் காபி.

மாணிக்கம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"குடும்பம்னா, அந்தப் பொண்ணு புதுநன்மைக்கு நீங்க ஏன் போகல தலைவரே?"

அடடா! மாணிக்கத்தின் காலில் விழலாம் போலிருந்தது. நானாக இருந்தால் இந்தக் கேள்வி மூன்று நாள் கழித்துக் குளிக்கும்போதுதான் தோன்றியிருக்கும்.

தலைவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். சிரிப்பு போய்விட்டது.

"நாளைக்கு லேபர் ஆபீசர்கிட்ட அந்த நாலு பேர் கேஸ் வருது இல்ல? நீங்களே பேசிடுங்க. இவ்வளவு நல்லாப் பேசுறீங்களே, நான் எதுக்கு?"

அவ்வளவுதான். முடிந்தது கதை. லேபர் ஆபீசர் முன்னால் அவரைப் போலச் சட்டம் பேச எங்களில் யார் இருக்கிறார்கள்? ஒரு பக்கம் நாலு பேருடைய வேலை, இன்னொரு பக்கம் ஆரோக்கியத்தின் வேலை. மாணிக்கம் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். அவர் மனுவை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மிச்சக் காபியைக் குடித்து முடித்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வெளியே ஆரோக்கியம் எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"வுடுங்க சார். என்னால உங்களுக்கு ஏன் பேஜாரு" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

மறுநாள் தலைவர் பிரமாதமாகப் பேசினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். நாலு பேரும் வேலைக்குத் திரும்பினார்கள். ஆளுயர மாலை போட்டோம். மாலையை ஒரு பக்கம் நானும் பிடித்துக்கொண்டேன். இருபது வருஷமாக நிர்வாகத்தை எதிர்த்துத் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். எதிராளியைக் கேள்வி கேட்க வருகிற வாய், நம் ஆள் என்றதும் ஏன் ஒட்டிக்கொள்கிறது? உங்கள் ஆபீசிலும் இப்படித்தானா, இல்லை நான் மட்டும்தான் இந்த ரகமா?

போன ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் மார்க்கெட்டில் ஆரோக்கியத்தைப் பார்த்தேன். கூட அவர் மகள், கையில் குச்சி ஐஸ். நைசாக நழுவப் பார்த்தேன். அவரே கூப்பிட்டுவிட்டார்.

"இப்போ எங்கேப்பா வேலை?"

"உங்க மேனேஜர் வூட்ல சார். கார் ஓட்றேன்."

"ஞாயித்துக்கிழமை லீவு விடுறாரா?"

"வாராவாரம் சார். எட்டு மணி நேரத்துக்கு மேல ஒரு நிமிசம் ஆனாக்கூட, அவரே வாட்ச்சப் பாத்துட்டு 'நீ கெளம்புப்பா'ன்றாரு."

"பரவாயில்லையே! அவ்வளவு நல்ல மனுஷனா அவர்?"

ஆரோக்கியம் சிரித்தார்.

"நல்ல மன்சன்லாம் இல்ல சார். அந்த வூட்ல யூனியன்னா பயம் கீது."