பாறை இல்லாத பக்கம்

அந்தமானில் கடலுக்குள் மீன் பார்க்க முகமூடியும் மூச்சுவிடும் குழாயும் வாடகைக்கு எடுத்தோம். இறங்கும் இடத்தை என் கணவர்தான் தேர்ந்தெடுத்தார். கன்னிவாடிக் கிணறுகளில், பாறை இல்லாத பக்கமாகப் பார்த்துக் குதித்து வளர்ந்தவர். கரையோரம் கறுப்பாகத் தெரிந்த இடத்தை நான் காட்டினேன்.

"அங்கிட்டு பாறை கெடக்கு, மண்டை ஒடஞ்சிரும்" என்று தெளிந்த நீலத்துக்குக் கூட்டிப்போனார். அடியில் வெறும் மணல், ஒரு மீன்கூட இல்லை. வாயில் குழாய் இருந்ததால் திட்டவும் முடியவில்லை.

திரும்பும் கப்பலில், பக்கத்து சீட்டுப் பெண் செல்போனில் காட்டினாள்: அதே கறுப்பு இடம், நீருக்குள் பவளப்பாறை, அதைச் சுற்றி மஞ்சள் மீன்கள்.

அவர் எட்டிப் பார்த்தார். "இம்புட்டு பக்கத்துலயா இருந்துச்சு?"

அவ்வளவு தூரம் கடல் தாண்டிப் போயும் கிணற்றில்தான் குளித்துவிட்டு வந்திருக்கிறோம்.