சந்தனப் பொட்டும் எர்த் பின்னும்

திண்டிவனத்தில் மகன் குமாரோடு இருக்கிறேன். அவனுக்குப் பாட்டுப் பைத்தியம். இன்டர்நெட்டில் வரும் பாட்டு இன்னும் துல்லியமாகக் கேட்கட்டும் என்று, மோடத்திலிருந்து ஆம்ப்ளிஃபயர் வரை உலோக உறை போட்ட நெட்வொர்க் கேபிளை இழுத்தான். மாட்டியதும் ஸ்பீக்கரில் ஒரே இரைச்சல்.

"ஏண்டா, பாட்டு கேக்குறியா, வண்டு வளக்குறியா?" என்றேன்.

"சும்மா இரும்மா, பாத்துக்கினுதான இருக்கேன்."

எதிலோ படித்துவிட்டு, ஆம்ப்ளிஃபயர் பிளக்கில் பெரிதாக இருக்கும் எர்த் பின்னை வெட்டிவிட்டான். இரைச்சல் நின்றது.

"இப்ப பாரும்மா, எப்பிடி கீது!" என்றான்.

அந்த வருஷம் ஆயுதபூஜைக்கு மருமகள் செல்வி மிக்சி, ஃபேன் என்று எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயரிலும் ஈரக்கையால் சந்தனம் வைத்தாள். கை அதன் இரும்புப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

"டேய், மெயினை நிறுத்துடா!" என்று கத்தினேன். குமார் ஓடிப்போய் நிறுத்தினான். அவள் சரிந்து விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தாள். இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார். பெட்டிக்குள் ஒயர் தேய்ந்து கரண்ட் கசிந்ததாம். எர்த் இருந்திருந்தால் அப்போதே ஃபியூஸ் போய்க் கரண்ட் நின்றிருக்குமாம். உலோக உறையில்லாத சாதாரண கேபிளாக மாற்றியிருந்தாலே இரைச்சலும் நின்றிருக்குமாம்.

கேபிளையும் பிளக்கையும் மாற்றிவிட்டோம். இப்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த கையால் நான்தான் பொட்டு வைக்கிறேன். செல்வி அந்த அறைக்குள் வருவதில்லை. பாட்டு துல்லியமாகத்தான் கேட்கும். குமார்தான் போடுவதில்லை.