ஏசுபாதமும் எழாத முள்ளும்

சேலையூரில் மெக்கானிக் ஷெட் போட்டிருந்த ஏசுபாதம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். பழைய வண்டி எதுவானாலும் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். தொண்ணூற்றொன்பதில் புது மாதிரி கார்கள் வந்து இறங்கிய பிறகுதான் அவருக்குக் கலக்கம். அதில் ஒன்றாவது தன் கையால் சரியாகிப் போகாவிட்டால் இனி ஷெட்டை நம்பி யார் வருவார்கள்?

ஆண்டவர் அனுப்பியதுபோல, பூஜை விடுமுறை முடிந்ததும் மேடவாக்கம் சுப்பராயலு தன் புதுக் காரோடு வந்தார். நிலபுலன் உள்ளவர். வண்டி நன்றாகவே ஓடுகிறது, ஆனால் ஸ்பீடு காட்டும் முள் பூஜ்யத்தை விட்டு எழவில்லையாம். கூடவே அவர் மைத்துனர் சம்பத்.

பழக்க தோஷத்தில் ஏசுபாதம் கியர்பாக்ஸிலிருந்து மீட்டருக்குப் போகும் கேபிளைத் தேடினார். சம்பத்துக்குச் சிரிப்பு.

"மச்சான், இதுல ஏது கேபிளு? எல்லாம் சென்சாரு. இவருகிட்ட வேலைக்கு ஆவாது, கம்பெனிக்கே வுட்டுடலாம்."

ஏசுபாதம் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு நிமிடம் கண்மூடி ஜெபித்துவிட்டு வண்டிக்கடியில் புகுந்தார். கியர்பாக்ஸின்மேல் கட்டைவிரல் அளவில் சென்சார். மூன்று ஒயர் சேரும் அதன் பிளக்கை உருவினார். உள்ளே மஞ்சளாக ஏதோ காய்ந்து அடைத்திருந்தது. மோந்து பார்த்தார். சந்தனம்.

கொஞ்சம் பெட்ரோல், பழைய பிரஷ், சுத்தமாகிவிட்டது. சென்சாருக்கே உயிர் இருக்கிறதா? சர்ச்சில் மைக் செட் வைக்கும் ஜெபசீலன் கொடுத்த குட்டி பல்பை ஒயரில் சேர்த்து, சக்கரத்தைத் தூக்கி வைத்துக் கையால் சுற்றினார். பல்பு மினுக் மினுக்கென்று கண் சிமிட்டியது.

சாமி காரியம், மனசு நோகாமல் சொல்ல வேண்டுமே.

"அண்ணா, நீங்க பக்தியாத்தான் சந்தனம் வெச்சிருக்கீங்க. ஆனா அது கரண்டு போற வழி."

சுப்பராயலு தலையைச் சொறிந்தார். "பிளக்கக் கழட்டித்தான் பொட்டு வெச்சேன். ஆயுத பூஜைக்கு நம்ம பம்புசெட்டயும் அக்கக்கா கழட்டித் தொடச்சி பொட்டு வெப்பேன். இருவது வருசமா அது ஒண்ணும் சொல்லலியேப்பா."

மூவருமாக ராஜகீழ்ப்பாக்கம் வரை ஓட்டிப் பார்த்தார்கள். முள் எழுந்து, தயங்கி, நாற்பதைத் தாண்டியது. பின்சீட்டிலிருந்து சம்பத் எட்டி எட்டி முள்ளைப் பார்த்தார்.

ஷெட்டில் இறக்கிவிடும்போது சுப்பராயலு குரலைத் தாழ்த்தினார்.

"நாளிக்கு நம்ம பங்காளிங்க வண்டி ரெண்டு வரும், ஏசுபாதம். அதுங்களுக்கும் நான்தான் பொட்டு வெச்சேன்."