பாட்டு நின்ற பிறகும் நடந்தவர்கள்

ஆணித் தொழிற்சாலையில் அவளுக்கு வைத்த பெயர் மகாராணி. போட்டிருந்ததோ எண்ணெய்க் கறை படிந்த மேலங்கி, ஆண்டதோ நாலாம் மெஷின் ஒன்றைத்தான். பெயர் வந்ததற்குக் காரணம் வேறு. வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊழியர்களெல்லாம் கூடிச் சாப்பிட்டு விளையாடிவிட்டுப் போவார்கள். அந்தப் பக்கம் அவள் ஒரு தடவைகூடத் தலைகாட்டியதில்லை. “மகாராணி நம்மகூட எல்லாம் சரிசமமா உக்காருவாங்களா?” என்று மெக்கானிக் ஒரு நாள் சொல்லி வைக்க, அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

வராததற்கு அவள் சொன்ன சாக்குகள் இருக்கின்றனவே, அவற்றைத் தொகுத்தால் ஒரு புராணம் தேறும். மகளுக்குப் பரீட்சை. நாத்தனாருக்கு வயிற்றுவலி. வீட்டில் குழாய் உடைந்து வெள்ளம். பெரியப்பாவை இரண்டு முறை சாகடித்திருக்கிறாள். பாவம், அந்த மனுஷன் இன்றைக்கும் காலையில் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருக்கிறார்.

உண்மையில் அவளுக்குத் தலைக்கனம் எல்லாம் இல்லை. காது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆணி செய்யும் மெஷின் பக்கத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கம்பி உள்ளே போகும், படார் படாரென்று அடி விழும், ஆணியாக வெளியே கொட்டும். ஒரு கூடத்தில் எட்டு மெஷின் அப்படி அடித்தால், பக்கத்தில் இடி விழுந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதனால் அங்கே எல்லாப் பேச்சும் கையால்தான். உள்ளங்கையை உயர்த்தினால் நிறுத்து. விரலைச் சுழற்றினால் ஓட்டு. கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. பின்னந்தலையில் கொண்டையைத் தட்டிக் காட்டினால் மேனேஜரம்மா வருகிறார், உஷார். இந்தப் பாஷையில் மகாராணியை மிஞ்ச ஆளில்லை. கையாலேயே வம்பளப்பாள், கையாலேயே திட்டுவாள்.

சாப்பாட்டு அறையில்தான் சங்கடம். அங்கே அஞ்சாம் மெஷின் அக்கா தினமும் எதிரில் உட்கார்ந்து ஏதோ கதை சொல்வாள். மகாராணியின் காதுக்குள் ஓயாமல் ஒரு இரைச்சல். அதைத் தாண்டி அக்காவின் குரல் வருவதில்லை; வாயில் சோறோடு பேசுகிற உதட்டையும் படிக்க முடிவதில்லை. அக்கா சிரித்தால் இவளும் சிரிப்பாள், அக்கா உச்சுக்கொட்டினால் இவளும் கொட்டுவாள். பதிலுக்குத் தன் வீட்டுக் கதையை எடுத்துவிடுவாள். அக்கா தலையாட்டிக் கேட்பாள். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். சொன்னவர் ஒருத்தர் இருந்தார். மூணாம் மெஷினில் நின்றவர், நல்ல வேலைக்காரர். “காது சரியா கேக்கல சார்” என்று பழைய மேனேஜரிடம் போய் நின்றார். “அப்ப மெஷின் உனக்கு ஆபத்து” என்று சொல்லி, மறுவாரமே அவரை வாசலுக்குக் காவலாக அனுப்பிவிட்டார்கள். சம்பளமும் குறைந்தது. அன்றிலிருந்து அவர் கேட் அண்ணன் ஆனார். அவரைக் கடந்து உள்ளே போகும்போதெல்லாம் மகாராணி நடையை எட்டிப் போடுவாள். மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிற நேரம். நாலாம் மெஷின் போனால் அந்தப் படிப்பும் போகும்.

இந்த வருஷம் புது மேனேஜரம்மா ஒரு வேலை செய்தார். ஞாயிறு வேண்டாம், வேலைநாளிலேயே வைத்துக்கொள்வோம், மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் பேக்கிங் கூடத்துக்கு வாருங்கள், சம்பளம் உண்டு என்றார். அறிவிப்புப் பலகையில் விளையாட்டுகளின் பெயரும் இருந்தது. முதல் பெயரே இசை நாற்காலி.

அன்று இரவு வீட்டில், இனிச் சாக்குச் சொல்ல வழியில்லை என்று புலம்பினாள். சைக்கிள் கடை வைத்திருந்த கணவன் அவளுக்கு நேரே முகத்தைக் காட்டிக் கத்தினான்.

“பாட்டு எப்ப நிக்கும்னு நீ ஏன் கேக்கணும்? முன்னாடி போறவங்க காலைப் பாரு. அவங்க உக்காந்தா நீயும் பக்கத்துல பொத்துனு உக்காரு!”

“மெதுவா பேசுங்க, எதிர்வீட்டுக்குக் கேக்கப் போகுது.”

“உங்கிட்ட ரகசியம் பேசினா தெரு முழுக்கத்தான் கேக்கும்” என்றான் அவன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. பயம் போகவில்லை.

விழாவன்று பேக்கிங் கூடத்தில் முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் சுவாரஸ்யமில்லை. அலுவலகத்துக்காரர்கள் ஒரு மேஜையைச் சுற்றிக் கலகலவென்று பேசினார்கள். மெஷின்காரர்கள் சுவரோரம் நின்று, வழக்கம்போலக் கையாலேயே டீ எங்கே என்று விசாரித்துக்கொண்டார்கள். பிறகு நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். மெக்கானிக் வந்து மகாராணியின் கையைப் பிடித்து இழுத்தான். “இன்னிக்காவது சிம்மாசனத்துல உக்காரு!” என்று அவன் சொன்னதை உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

வட்டத்தில் முன்னால் அலுவலகத்து ஆட்கள், கேட் அண்ணன், கணக்கர். கணக்கருக்குப் பின்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மெக்கானிக். அவனுக்குப் பின்னால் மெஷின்காரர்கள் மூன்று பேர், கடைசியில் மகாராணி. அவளுக்கு நேர் முன்னே அஞ்சாம் மெஷின் அக்கா. டைப்பிஸ்ட் ஒரு போனைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டைப் போட்டாள். சுற்றி நின்றவர்கள் போட்ட கூச்சலில், மகாராணிக்குப் பாட்டு என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அக்காவின் காலையே பார்த்தாள்.

கால் நடந்தது. இவளும் நடந்தாள். இன்னொரு சுற்று. அக்கா நிற்கிற வழியாகத் தெரியவில்லை. நீளமான பாட்டு போலிருக்கிறது என்று நினைத்தாள். அப்புறம்தான் நாற்காலிகளில் முழங்கால்கள் தெரிந்தன. ஒன்று, இரண்டு, வரிசையாக முழங்கால்கள். நிமிர்ந்து பார்த்தாள்.

கூடமே வாயைப் பொத்திக்கொண்டு இவர்களைப் பார்த்தது. உட்கார வேண்டியவர்கள் எப்போதோ உட்கார்ந்தாயிற்று. காலி நாற்காலிகள் காத்துக்கிடக்க, ஐந்து பேர் மட்டும் ஒருவர் பின் ஒருவராகச் சிரத்தையாக நடந்துகொண்டிருந்தார்கள். ஐந்து பேரும் நாற்காலியைப் பார்க்கவில்லை. பின்னால் வந்த நான்கு பேரும் முன்னால் போகிறவர் காலைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள். முதலில் போன மெக்கானிக்குக்குப் பார்க்கக் காலில்லை. மேனேஜரம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்தான். பிறகு கேட்டதற்கு, “கணக்கர் பாவம், களைச்சுப் போய் உக்காந்துட்டார்னு நெனச்சேன்” என்றான்.

கூடம் வெடித்துச் சிரித்தது. அக்கா திரும்பி இவளைப் பார்த்தாள். இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

“உனக்கும் கேக்காதா?” என்று அக்காவின் உதடு அசைந்தது.

மேனேஜரம்மா எழுந்து வந்தார். அவர் சிரிக்கவில்லை. கூட்டமும் அடங்கியது. “எத்தனை நாளா இப்படி?” என்று உரக்கக் கேட்டார். எல்லோருடைய கண்ணும் தரையில்.

நாற்காலியில் இருந்த கேட் அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். “ஏம்மா, இதுல யாருக்குக் காது ரொம்ப மோசம்? எனக்குத்தான். ஆனா நான் உக்காந்துட்டேனே, எப்படி? எனக்குக் கேக்காதுன்னு ஊருக்கே தெரியும். அதனால கூச்சப்படாம போன் வச்சிருந்த அந்தப் பொண்ணு கட்டைவிரலையே பாத்துக்கிட்டு நடந்தேன். விரல் அமுக்கிச்சு, உக்காந்தேன். இவங்க கேக்கற மாதிரி நடிச்சாங்க, தோத்துட்டாங்க.”

இதை அவர் கையாலும் சேர்த்தே சொன்னார். அதனால் மகாராணிக்கு ஒரு சொல்கூடத் தப்பவில்லை. எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல், அவளுக்கே தெரியாது.

“ஆமாம்மா, கேக்கல. எனக்கும் கேக்கல, இவங்க யாருக்கும் கேக்கல. வெளிய சொன்னா இந்த அண்ணன் மாதிரி வாசலுக்கு அனுப்பிடுவீங்கன்னு பயம். ஆனா இப்ப அஞ்சு பேர் இருக்கோம். அஞ்சு பேரையும் வாசல்ல நிறுத்திட்டா ஆணி யாரு அடிக்கறது?”

காது கேட்காதவள் பேசினால் எவ்வளவு சத்தமாக இருக்கும்! கூரைத் தகரம் அதிர்ந்தது.

மேனேஜரம்மா இன்னும் நெருங்கி வந்தார். பிறகு அவள் தோளைத் தொட்டு, தன் பக்கம் திருப்பி, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். “யாரையும் எங்கயும் அனுப்பல. காதைக் கெடுத்தது நம்ம மெஷின். நாளைக்கே டாக்டரை வரச் சொல்றேன், காதுக்கு மாட்டற கவசம் வராம ஒரு மெஷினும் ஓடாது.” கேட் அண்ணனிடம் திரும்பினார். “நீங்க மெஷினுக்கு வர்றீங்களா?”

“அங்க வெயில் மண்டையைப் பொளக்குது. கூப்பிட்டா இன்னிக்கே வர்றேன்” என்றார் அவர்.

அடுத்த ஆட்டத்தில் மேனேஜரம்மாவும் சேர்ந்துகொண்டார். பாட்டே இல்லை. கேட் அண்ணன் நடுவில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்றார். விரலைச் சுழற்றினால் ஓட வேண்டும், உள்ளங்கையைக் காட்டினால் உட்கார வேண்டும். அலுவலகத்துக்காரர்கள் பராக்குப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவராகத் தோற்றார்கள். கடைசி நாற்காலிக்கு மகாராணியும் மேனேஜரம்மாவும் மிஞ்சினார்கள். அண்ணன் கொண்டையைத் தட்டிக் காட்டினார். கூடத்துச் சிரிப்பைக் கேட்டு, “அது என்ன?” என்று மேனேஜரம்மா நின்று கேட்ட அந்த நொடியில் உள்ளங்கை உயர்ந்தது. மகாராணி சிம்மாசனம் ஏறிவிட்டாள். விட்டுக்கொடுக்கும் எண்ணம் அவளுக்கு மருந்துக்கும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து அசடு வழிந்தார்கள்.

“அப்ப இத்தனை வருஷமா நான் சொன்ன கதை?” என்று அக்கா கையையும் சேர்த்து ஆட்டிக் கேட்டாள்.

“ஒண்ணுகூடக் கேக்கலக்கா. நான் சொன்னது?”

“ம்ஹூம்.”

மகாராணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எத்தனை நாள் பக்கத்திலேயே நின்று, எதிரெதிரே உட்கார்ந்து, தனித்தனியே பயந்து செத்திருக்கிறார்கள்! நாற்காலியை அக்காவுக்கு மிக அருகே இழுத்துப் போட்டு, முகத்துக்கு நேரே முகம் வைத்தாள்.

“சரி, முதல்ல இருந்து சொல்லுக்கா. உனக்கு எத்தனை பிள்ளைங்க?”