அண்ணன் திறந்துவிடாத கேட்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். எல்லோரும் அண்ணனுக்குள் இருந்த சட்டமன்ற உறுப்பினரையே புகழ்ந்திருக்கிறார்கள். அருவருப்பாக இருக்கிறது. உடன்பிறந்தவன் நான், அவருக்குள் இருந்த வக்கீலைப் பற்றி எழுதுகிறேன்.

தேவாரத்தில் பிறந்தார். யானை மிதித்துப் போட்ட சோளக்காட்டில் அப்பாவோடு பாடுபட்டுக்கொண்டே படித்தார். போடியில் ஒரு மாடியில் ஆபீஸ் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வேறு எந்த வக்கீலும் கதவைத் திறக்க மாட்டார், அண்ணன் திறப்பார். மலைத் தோட்டத்துப் பெண்களுக்கு அன்றுதான் லீவு.

அப்படி வந்தவர்தான் ஏலத்தோட்டத் தொழிலாளி ராக்கம்மா. குடியிருப்பிலிருந்து ஜீப் ரோட்டுக்கு இறங்கும் பாதையில் முதலாளி இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். பிரசவ வலி கண்ட பெண்ணைக்கூட ஓடையைச் சுற்றித் தூக்கி வர வேண்டும். அண்ணன் வழக்குப் போட்டு ஜெயித்தார். கேட் திறப்பதற்குள் முதலாளி அப்பீலுக்குப் போனார்.

அந்த நேரத்தில் சட்டமன்றத் தேர்தல் வந்தது, அண்ணன் கட்சி வேட்பாளராக நின்றார். அண்ணனின் பிரச்சாரத்துக்கு ஜீப் கொடுத்தது அதே முதலாளி. அண்ணன் ஜெயித்தார். அதன்பின் அப்பீல் விசாரணைக்கு அவர் போகவில்லை, வேறு வக்கீலையும் அனுப்பவில்லை. வழக்கு தோற்றது.

ஏன் என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் ஓட்டு இருக்குடா தம்பி. ஒனக்குப் புரியாது."

நன்றாகவே புரிந்தது. ஆபீஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு, "எம்எல்ஏ சோலியா இருக்காரு, பெறகு வா ஆத்தா" என்று ராக்கம்மாவைத் திருப்பி அனுப்பியவனே நான்தான்.

அடுத்த தேர்தலில் அண்ணன் தோற்றார். ஞாயிறுதோறும் மறுபடி ஆபீசைத் திறந்தார். மலையிலிருந்து ஒருவரும் வரவில்லை. படுக்கையில் விழுந்த பிறகும், "மலை ஜீப்பு வந்துருச்சாடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் இறந்த அன்றுதான் வந்தது. ராக்கம்மா கோடி வேட்டியோடு இறங்கினார். கட்சிக்காரர்கள் மறித்தார்கள்.

"தலைவர் வந்து மாலை போடணும். தள்ளி நில்லு."

"ஒங்க எம்எல்ஏவுக்கு அவரு போடட்டும் அப்பு. நாங்க எங்க வக்கீலுக்குப் போட வந்துருக்கோம்."

அண்ணன் மேல் கிடந்த கட்சிக் கொடியை நான் உருவி எறிந்தேன். ராக்கம்மா வேட்டியைப் போர்த்தினார்.

"வர இம்புட்டு நேரமாச்சா ஆத்தா?" என்றேன்.

"கேட்டு பூட்டித்தான கெடக்கு? ஓடையச் சுத்தித்தான் வாறோம்."

மாலை போட்ட பெரிய மனிதர்களுக்கு நன்றி சொல்ல இம்மலரில் தனிப்பக்கம் இருக்கிறது. என் நன்றி ஓடையைச் சுற்றி வந்தவர்களுக்கு மட்டும். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.