பத்மினி விட்டுக்கொடுத்த ஒரு மார்க்

மழையில் நனைந்த யூனிஃபார்ம் வாசனை... யாரோ பைக்குள் ஒளித்து வைத்திருந்த அவிச்ச வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, அதன் வாசனை... இரண்டும் வகுப்பு முழுக்க நிறைந்திருந்தபோதுதான் பிசிக்ஸ் சார் காலாண்டுப் பரீட்சைப் பேப்பர் கட்டோடு உள்ளே வந்தார்.

செஞ்சியில் நாங்கள் ப்ளஸ் ஒன் படித்த வருடம். நான் வல்லத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். பத்மினி மேல்சித்தாமூர்க்காரி. அவளும் நந்தினியும்தான் ஃபர்ஸ்ட் மார்க்குக்கு முட்டிக்கொள்வார்கள். நான் பாஸானாலே எங்கள் வீட்டில் பெரிய விஷயம்.

பேப்பர் கைக்கு வந்ததும் ஒரே சத்தம்.

"யூனிட் எழுதலன்னு அரை மார்க் வெட்டிட்டாருடி!"

"படத்துக்கு இன்னாடி ஒண்ணுதான் போட்டிருக்காரு?"

நான் என் பேப்பரை மடியில் வைத்து மறைத்துக்கொண்டேன். ஐந்து மார்க் கணக்குக்குப் பக்கத்தில் பெரிய சைபர். பாஸுக்கு இரண்டு மார்க் குறைவு.

கணக்கு இதுதான். நாற்பது மீட்டர் உயர மதில்மேல் நின்று ஒருவர் கல்லை நேராக மேலே எறிகிறார். வேகம் விநாடிக்குப் பத்து மீட்டர். எத்தனை விநாடியில் தரைக்கு வரும்? புவியீர்ப்பு முடுக்கம் பத்து என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்குச் சூத்திரம் மறந்துபோயிருந்தது. அதனால் கல்லின் பின்னாலேயே போனேன். முதல் விநாடி ஐந்து மீட்டர் மேலே. அடுத்த விநாடி அதே ஐந்து மீட்டர் கீழே. மூன்றாவது விநாடி பதினைந்து, நான்காவது விநாடி இருபத்தைந்து... கடைசி இரண்டையும் கூட்டினால் நாற்பது. ஆக நான்கு விநாடி. ஒரு கோணல் படம், பக்கத்தில் நாலு எண். அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

"வெட மட்டும் கரெக்டா இருக்கு. ஸ்டெப்பே காணோம். முன்னாடி இருந்த பத்மினியப் பாத்து எழுதினியா?" என்றார் சார்.

"இல்ல சார்..."

"நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வா."

பத்தாவதோடு போதும் என்றவர் எங்கள் நைனா. அம்மா சண்டை போட்டுத்தான் என்னை மேலே படிக்க அனுப்பியிருந்தாள். காப்பி அடித்தேன் என்று அவர் காதில் விழுந்தால், அடுத்த நாளே நான் மல்லாட்டைக் கொல்லையில்தான் களை வெட்டிக்கொண்டு நிற்பேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பத்மினி என் பேப்பரை வாங்கினாள்.

"எப்டிடி போட்ட இத?"

அழுதுகொண்டே சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டுத் தன் பேப்பரை எடுத்தாள். சூத்திரம், எண்களைப் பொருத்துவது, சமன்பாடு... வரிக்கு வரி டிக். ஐந்துக்கு ஐந்து. கடைசி வரியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. இரண்டு விநாடி என்று எழுதியிருந்தாள். பிளஸ், மைனஸ் மாறிப்போயிருந்தது.

"ரெண்டு செகண்டுல கல்லு திரும்ப கைக்குத்தான்டி வந்திருக்கும்..." என்றாள் மெதுவாக.

ஸ்டெப் எல்லாம் சரியாக இருந்ததால் சார் கடைசி வரியைக் கவனிக்காமல் டிக் போட்டிருக்கிறார்.

"வுடுடி, யாருக்கும் தெரியாது" என்றேன். கடைசியாக வந்த இந்தப் பேப்பரையும் சேர்த்து அவளும் நந்தினியும் அந்தத் தடவை சமம். ஒரு மார்க் போனாலும் ஃபர்ஸ்ட் போய்விடும்.

அவள் இரண்டு பேப்பரையும் எடுத்துக்கொண்டாள். என் கையைப் பிடித்து ஸ்டாஃப் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சார், கோமதி என்னப் பாத்து எழுதல."

"அது எப்டி உனக்குத் தெரியும்?"

"என்னப் பாத்து எழுதியிருந்தா அவளுக்கும் தப்பாதான் சார் வந்திருக்கும்." தன் பேப்பரை மேசைமேல் விரித்து வைத்தாள்.

சார் கடைசி வரியை விரல் வைத்துப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மதில் எழுபத்தஞ்சு மீட்டர்னு வெச்சுக்க. இப்ப சொல்லு."

கல் மறுபடி என் கண்முன்னால் ஏறி இறங்கியது. நான்காவது விநாடியில் நாற்பது மீட்டர் கீழே... ஐந்தாவது விநாடியில் இன்னும் முப்பத்தைந்து...

"அஞ்சு செகண்ட் சார்."

சார் சிரித்துவிட்டார். சிவப்புப் பேனாவை எடுத்து பத்மினிக்கு ஒரு மார்க் குறைத்தார். என் சைபரை அடித்துவிட்டு மூன்று போட்டார். "யோசிச்ச விதம் நல்லாருக்கு. ஆனா பப்ளிக்ல பேப்பர் திருத்துறவங்க ஸ்டெப்பத் தேடுவாங்க. அதையும் எழுது. அப்பா வர வேணாம்."

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் பத்மினி பொருமிக்கொண்டே வந்தாள். "அஞ்சும் குடுத்திருக்கணும். நீ போட்டது இன்னா தப்பு?"

"உனக்கு ஃபர்ஸ்ட் போச்சேடி..."

"போனா போவுது. நீ நாளைக்கு ஸ்கூலுக்கு வருவ இல்ல?"

மறுநாள் ப்ரேயரில் நந்தினி பெயரை வாசித்தார்கள். பத்மினி எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினாள்.

அதற்குப் பிறகு ஸ்டெப் எழுத அவள் எனக்குப் பழக்கினாள். விடை நம்பும்படி இருக்கிறதா என்று படம் போட்டுப் பார்க்க நான் அவளுக்குச் சொன்னேன். இன்றைக்கு நான் ஒரு துணை மின்நிலையத்தில் இன்ஜினியர். அவள் வீட்டுக்காரரோடு சேர்ந்து எண்ணெய்ச் செக்கு நடத்துகிறாள்.

இப்போதெல்லாம் ரிசல்ட் போனுக்கே வந்துவிடுகிறது. வெறும் எண்தான். எந்த வரியில் தவறினோம் என்று சோற்று டப்பாவுக்கு நடுவே பேப்பரைப் பரப்பிவைத்துச் சண்டை போட வழியில்லை...

போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் ப்ளஸ் ஒன் முடித்திருக்கிறாள். ஒரு மார்க்கில் ஃபர்ஸ்ட் போச்சு என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது பிள்ளை. நான் இந்தக் கதையை முழுசாகச் சொன்னேன்.

"அம்மா, நீ இத சொல்லவே இல்லையே?"

பத்மினி கேனில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "இதுல சொல்றதுக்கு இன்னா இருக்குது? என் வெட தப்பு, அவ வெட சரி."

இருக்குது பத்மினி. அதான் எல்லாரும் படிக்கட்டும்னு இங்க எழுதிட்டேன்.