அண்ணன் கட்டிய தோணி

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் நீண்ட வாழ்க்கை வரலாறு ஒன்றை எதிர்பார்ப்பீர்கள். அண்ணனைப் பற்றி நீளமாக எழுதுவது அவருக்கே பிடிக்காத காரியம். அவர் வாழ்நாளில் பேசியதை எல்லாம் தொகுத்தால் இம்மலரின் பின்னட்டையில் அடங்கிவிடும். எங்கள் குடும்பத்தில் பேசுகிற பங்கு எனக்கு வந்தது. வேலை செய்கிற பங்கு அவருக்குப் போயிற்று. நகைச்சுவை என்ற பெயரில் நான் பத்திரிகைகளில் எழுதுபவற்றை ஒன்றுவிடாமல் படிப்பார். சிரித்ததில்லை. பிழை கண்ட இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். வட்டம் போட ஆளில்லாமல் அச்சேறும் கட்டுரை இது. பொறுத்தருள்க.

அண்ணன் பிறந்தது ஜீயபுரத்தில், அம்மாவின் தாய்வீட்டில். வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியில் நாங்கள் இன்றும் குடியிருக்கும் வீட்டில். அப்பாவுக்குத் திருச்சி பெரிய கடை வீதியில் கயிற்றுக் கடை. மூத்த பிள்ளை கடையில் உட்காருவான் என்று அப்பா நினைத்திருந்தார். உட்கார்ந்தார்தான். ஆனால் வந்தவரிடம் "என்ன வேணும்?" என்று கேட்க வேண்டுமே, அதற்கு அண்ணனுக்கு நா எழவில்லை. வந்தவர்களே கேட்டு, அவர்களே விலை சொல்லி, அவர்களே குறைத்துக்கொண்டு போனார்கள். அப்பா மனம் தெளிந்து அவரைப் படம் வரைகிற படிப்புக்கு அனுப்பினார். பொன்மலையில் ரயில் பெட்டிகளுக்கு அளவுப் படம் வரையும் உத்தியோகம் கிடைத்தது. ரயில் பெட்டியிடம் குசலம் விசாரிக்க வேண்டியதில்லை. அண்ணன் அங்கே சுகமாக இருந்தார்.

யுத்த காலத்தில் நார் வரத்து நின்று கடை படுத்தபோது குடும்பத்தைத் தாங்கியது அந்த உத்தியோகம்தான். நான் கல்லூரியில் இலக்கியம் படித்ததும் அதன் தயவில்தான். அண்ணன் தம் வாழ்வில் செய்த ஒரே வீண்செலவு அது என்று அப்பா சொல்லுவார். எனக்கு மறுப்பில்லை.

இந்தப் பாரமெல்லாம் இறங்குவதற்குள் அண்ணனுக்கு முப்பது கடந்துவிட்டது. அப்போது அப்பாவிடம் வடக்கயிறு வாங்க நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர் வருவார். சொந்தமாகப் பாய்த்தோணி வைத்துச் சரக்கேற்றிப் போய்வருகிறவர். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். எங்கள் வீட்டிலும் அவருக்கு அதுவே பெயராயிற்று. கடற்காற்றுக்கு மேல் குரலெடுத்துப் பழகியவர். எங்கள் கடையில் அவர் பேசினால் எதிர்க்கடையில் தராசு ஆடும். அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். கயிற்றுக்காரரும் தோணிக்காரரும் சம்பந்தியாவதில் என்ன வியப்பு? ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வைகாசி முகூர்த்தத்தில் திருமணம் நடந்தது.

வைகாசியில் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த பெண் அந்த வெக்கையில் வந்து இறங்கினார். வீட்டில் வீசியது அம்மாவின் பனையோலை விசிறி ஒன்றுதான். அண்ணனோ காலையில் "வரேன்" என்பார். மாலையில் அதுவும் சொல்ல மாட்டார், ஏனென்றால் வந்துவிட்டாரே. ஆடி பிறந்ததும் வழக்கப்படி புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அம்மியைத் தூக்குகிற ஆடிக்காற்று மறுவாரமே ஸ்ரீரங்கத்தில் இறங்கியது. அனுபவிக்க அண்ணி இல்லை.

ஆவணி வந்தது. அண்ணி வரவில்லை. பொண்ணுக்கு இந்த ஊர் ஒத்துக்கலையாம் என்று ஆள் மூலம் சேதி வந்தது. அம்மா சாமி அலமாரியின் முன் உட்கார்ந்து அழுதார். அண்ணன் மாடிக்குப் போய் ஒரு பலகையைச் சீவத் தொடங்கினார்.

"என்ன செய்யறீங்க?" என்று கேட்டேன்.

"தோணி."

"எந்தத் தோணி?"

"அவங்க அப்பா தோணி. சின்னதா."

"நீங்க அதைப் பாத்ததே இல்லையே?"

"அதான் நீ போற" என்று ஒரு நூல்கண்டைக் கையில் கொடுத்தார். "நம்பர் எழுதிட்டு வராதே. முடிச்சுப் போட்டுட்டு வா."

கணக்கில் என்மேல் அவருக்கிருந்த மதிப்பு அவ்வளவு. அண்ணியை அழைத்து வரச் சொன்னாரா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. அதை அம்மா தனியாக அழைத்துச் சொன்னார்.

நான் நாகப்பட்டினம் போன சமயம் தோணியை மராமத்துக்காகக் கரையேற்றி, பாய்மரத்தைக் கழற்றி மணலில் கிடத்தியிருந்தார்கள். நூலோடு ஏணியில் ஏறினேன். பாதி ஏறியதும், தரையில் நிற்கும் தோணியிலேயே எனக்குத் தலை சுற்றியது. கீழே சிரிப்புச் சத்தம். அண்ணி நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் கொழுந்தனாரே, என்னைக் கூப்பிட வந்தீங்களா, தோணிக்குச் சட்டை தைக்க அளவெடுக்க வந்தீங்களா?"

"அண்ணன் இதே மாதிரி சின்னதா ஒண்ணு செய்யறார் அண்ணி."

"என்னாத்துக்கு?"

"சொல்லல."

"அதானே, சொல்லிட்டா மழை கொட்டிருமே!"

"அங்க உங்களுக்கு என்ன அண்ணி குறை? அம்மா ரொம்பக் கவலைப்படறாங்க."

அண்ணியின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. "அத்தை மேல ஒரு குறையும் இல்ல. ஆனா அங்க காத்தும் இல்ல, பேச்சும் இல்ல. ரெண்டுல ஒண்ணாவது வேணாமா ஒரு வீட்டுக்கு?"

இல்லறம் பற்றி இரு மொழிகளில் நான் படித்திருந்தேன். அவற்றுள் ஒன்றும் உதவவில்லை. நான் விழிப்பதைப் பார்த்து அண்ணி நூல்கண்டைப் பிடுங்கிக்கொண்டார். "இப்படித் தொளதொளன்னு புடிச்சா ஒரு சாண் கொறஞ்சு போவும். எங்க அப்பா தோணிய யாரும் குட்டையாக்கக் கூடாது. எறங்குங்க." புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே ஏறினார். நீளம், அகலம், பாய்மரம், பாயைக் கட்டுகிற பருமல் என்ற கழி, பின்னால் சுக்கான், பக்கப் பலகையில் ஒட்டுப்போட்ட இடம் என்று ஒவ்வொன்றுக்கும் முடிச்சுப் போட்டார். எந்த முடிச்சு எதற்கு என்று எனக்கு மறந்துபோகும் என்பதை ஊகித்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்துணியைக் கட்டினார். நூலோடு திரும்பினேன். அண்ணி வரவில்லை.

அந்த மழைக்காலம் முழுவதும் அண்ணன் தோணி கட்டினார். நிஜத் தோணியின் ஒவ்வோர் அடிக்கும் இதில் அரை அங்குலம். அரியமங்கலத்து மரப்பட்டறையில் கழித்துப்போட்ட தேக்குத் துண்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். அடியில் முதுகெலும்பாக ஒரு கட்டை, அதிலிருந்து இருபுறமும் விலா எலும்புகளாக வளைகட்டைகள், அவற்றின்மேல் வெற்றிலைக் கனத்துக்கு இழைத்த பலகைகள். வளையாத பலகையை எப்படி வளைப்பது? இட்லிப் பானையில் ஆவி காட்டினார். சில மாதம் எங்கள் வீட்டு இட்லியில் தேக்கு மணத்தது. அம்மா, "பொண்டாட்டி போன வீட்டுல இட்லி எப்படி இருந்தா என்ன" என்று பொறுத்துக்கொண்டார். பாய்க்கு அண்ணனின் பழைய மல் வேட்டி. கயிறுகள் மட்டும் அகப்படவில்லை. கடையில் விற்கும் நூல் அந்த அளவுக்குக் கயிறாகத் தெரியவில்லை என்றார். ஒருநாள் அப்பா, யாரும் கேட்காமலே, மாடிக்கு வந்து உட்கார்ந்து, தொடையில் நூல் திரித்து, மூன்று பிரி முறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். பார்த்தால் வடக்கயிறு, கனத்தில் காதுக்குச்சி.

தை மாதத்தில் தண்டல் வருவதாகச் சேதி வந்தது. சீராகக் கொடுத்த பாத்திரங்களைத் திரும்ப எடுத்துப் போக வருகிறார் என்பது எங்களுக்கு யாரும் சொல்லாமலே விளங்கியது. அம்மா குத்துவிளக்கையும் குடத்தையும் அண்டாவையும் புளி போட்டுத் துலக்கி வைத்தார். அழுக்காகத் திருப்பிக் கொடுத்தார்கள் என்ற பெயர் வேறு வரக்கூடாதல்லவா. அன்று அண்ணன் லீவு போட்டுவிட்டுத் தோணியை மாடியிலிருந்து இறக்கிக் கூடத்து நடுவில் வைத்தார்.

குதிரை வண்டி வந்து நின்றது. தண்டலுக்குப் பின்னால் அண்ணியும் இறங்கினார். தம் பெட்டியைத் தாமே எடுத்துக்கொள்ள வந்திருந்தார். வாசற்படியிலிருந்து பேசத் தொடங்கிய தண்டல் கூடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். அந்தக் குரல் பாதியில் நின்று நான் கண்டது அன்றுதான்.

"யாரு தோணி மாப்ளே இது?"

"உங்களுது."

தண்டல் குனிந்து சுற்றிவந்தார். பலகையில் விரலை ஓட்டினார். "சுக்கான் அதேதான். பக்கம் அதேதான். அட, ஒட்டுப்போட்ட எடங்கூட இருக்கே! ஆனா மாப்ளே, பாய்மரம் ஏன் போலீஸ்காரன் கணக்கா வெறச்சுக்கிட்டு நிக்குது?"

"தூக்குக் குண்டு வச்சு நிறுத்தினேன்" என்றார் அண்ணன். ரயில் பெட்டியில் எதையும் சாய்த்து நிறுத்த மாட்டார்கள். மணலில் கிடந்த மரத்தை அளந்த நூலுக்கு நீளம் தெரியும். சாய்வு எப்படித் தெரியும்?

"தூக்குக் குண்டா!" அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, மாமனார் நிற்கிறார் என்பதும் நினைவில்லாமல் முன்னால் வந்தார். "பாய்மரம் முன்பக்கமா சாஞ்சு நிக்கணுங்க. அப்பத்தான் பருமல் மரத்துல இடிக்காமத் தொங்கும். இதுல பாயைக் கட்டினா மரத்துலயே ஒட்டிக்கும். காத்தைப் பாத்ததே இல்லையா நீங்க?"

"எவ்வளவு சாயணும்?"

"இவ்ளோ" என்று கையைக் காட்டினார்.

"டிகிரில சொல்லு."

"டிகிரிக்கு நான் எங்க போவேன்? எதிர்காத்துல நடந்தா ஆளு முன்னாடி சாய்வாங்கல்ல? அவ்ளோதான்."

அண்ணன் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "நடந்து காட்டு."

கூடத்தில் அப்பா, அம்மா, தண்டல், நான், துலக்கின பாத்திரங்கள். அண்ணி எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இல்லாத காற்றுக்கு எதிராக, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்தார். அண்ணன் கோணமானியைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு கூடவே பக்கவாட்டில் நடந்தார். "இன்னொரு தடவை" என்றார். மறுபடி நடந்தார். "இப்ப கொஞ்சம் கூடுது." "இப்ப காத்து கூடிருச்சுங்க." அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார், அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. திருமணத்துக்குப் பின் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதை நான் கேட்டது அதுவே முதல் தடவை.

வெளியே வண்டிக்காரர் சத்தம் போட்டார். "ரயிலுக்கு நேரமாவுது, கிளம்பலாமா தாயி?" என்றார் தண்டல்.

அண்ணி பாய்மரத்தை அசைத்துப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "நீங்க போங்கப்பா. நான் இல்லேன்னா இவங்க மறுபடி நட்டமா ஒட்டி வச்சிருவாங்க."

தண்டல் காப்பி சாப்பிட்டுவிட்டுத் தனியாக ரயிலேறினார். பாத்திரங்கள் பளபளவென்று எங்கள் வீட்டிலேயே தங்கின.

அதன்பின் எங்கள் வீட்டு மாடியில் அமைதி என்பதே இல்லை. "அந்தக் கயித்தை ஏன் இந்தப் பக்கம் கட்டினீங்க?" "படத்துல அப்படி இருக்கு." "படம் யார் போட்டது?" "நான்." "அப்ப படத்தைத் திருத்துங்க." அடுத்த ஆடியில் அண்ணி தாய்வீட்டுக்குப் போகவில்லை, இங்கேதான் காற்று வருமே என்றார். பதினெட்டாம் பெருக்கன்று காவிரிப் படித்துறையில் தோணியை விட்டார்கள். கயிற்றுக் கடைக்காரர் பிள்ளையல்லவா, பின்னால் ஒரு கயிறு கட்டித்தான் விட்டார். வேட்டிப் பாய் காற்றைக் குடித்துப் புடைத்தது. தோணி கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடியது. ரயிலைப் பிடிக்கக்கூட ஓடியறியாத அண்ணன் கரையோரம் மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பூசைக்கு வந்த பெண்கள் இதுவும் ஏதோ வேண்டுதல் என்று தோணியின் முன்முனையான அணியத்தில் குங்குமம் வைத்தார்கள். அண்ணன் மறுக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார். என் கட்டுரைகளுக்குக் கிடைக்காத சிரிப்பு.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்காக வருந்துகிற வேலையை உறவினர்களாகிய நாம் எடுத்துக்கொண்டோம். அவர்களுக்குச் சண்டை போடவே நேரம் சரியாக இருந்தது. அப்பாவும் அம்மாவும், பின்னர் தண்டலும், நிறைந்த வயதில் போனார்கள். அண்ணன் யாரிடமும் கடன் சொல்லவில்லை, யாரையும் கடிந்ததில்லை. போன வருடம் மார்வலி கண்டு ஒரு வாரம் படுத்திருந்தார். அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தார். அண்ணன் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

அந்த வாரம் அழைக்கும்போதெல்லாம் சைக்கிளில் வந்த எங்கள் வீதி டாக்டருக்கும், பொன்மலையிலிருந்து வேலை உடையோடே வந்து தோள் கொடுத்த நண்பர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பை எரியவிடாமல் சோறு அனுப்பிய அண்டை வீட்டாருக்கும், இம்மலரைப் பொறுமையாக அச்சிட்டவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணிக்கு நன்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "நான் என்ன விருந்தாளியா கொழுந்தனாரே?" என்றார். ஆகவே எழுதவில்லை. நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தண்டலின் மகன் எழுந்து, அக்காவை நாகப்பட்டினத்துக்கு அழைத்துப் போக வந்திருப்பதாகச் சொன்னார். தனியறை ஒழித்து வைத்திருக்கிறார்களாம். சன்னலைத் திறந்தால் கடலாம். நான் கொழுந்தன், எந்த உரிமையோடு இருக்கச் சொல்வது? அண்ணி உள்ளே போய்த் தோணியைத் தூக்கிவந்து தம்பியின் கையில் கொடுத்தார்.

"பத்திரமா எடுத்துட்டுப் போடா. அப்பா தோணி. உங்க வீட்டுல இருக்கட்டும்."

"நீ வரலையாக்கா?"

"நான் எங்க வீட்டுல இருக்கேன்" என்றார் அண்ணி.